அம்மாயியின் முகத்துக்குப் பின்னால் பதுளை நகரும் மலையும்: முகம் ஒட்டிவைத்ததுபோல் நிற்கிறது, எப்படித் திருத்துவது?

இரணைமடுக்கரை (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு காலமான என் அம்மாயியின் உருவப்படம் ஒன்றை அவருடைய ஆட்டைத் திவசத்துக்குள் வரைந்து முடிக்க விரும்புகிறேன். இன்னும் ஏழு கிழமைகள் இருக்கின்றன. அம்மாயி பதுளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த பல குடும்பங்களோடு, இரண்டு பிள்ளைகளையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சமதரையில் வாழ்ந்தபோதும், மாரி தொடங்கும் முன் தெற்கே முகில் திரண்டால், "நமுனுகுல மாதிரியே நிக்குது பாரு" என்றுதான் சொல்வார். அதனால் அவருடைய முகத்துக்குப் பின்னால் பதுளை நகரையும் அதற்கு மேலே நமுனுகுல மலையையும் வரையத் தீர்மானித்தேன்.

கன்வஸ் 60 சென்ரிமீற்றர் அகலமும் 75 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. அக்ரிலிக் வர்ணம் பயன்படுத்துகிறேன். முகத்துக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டேன். அதில் வெளிச்சம் நமக்கு இடப்பக்கமிருந்து மென்மையாக விழுகிறது. மலைக்கும் நகருக்கும் உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படம் இருக்கிறது. முகம் அம்மாயியைப் போலவே வந்துவிட்டது. இடது கண்ணிமை சற்றுத் தாழ்ந்திருப்பதும், மேலுதட்டின் மேல் நிற்கும் மூன்று சிறு கோடுகளும்கூடச் சரியாக விழுந்துவிட்டன. ஆனால் பின்னணியை முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தால், வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியதுபோல் அவர் தனியே நிற்கிறார். மலை அவருடைய தோளில் வந்து மோதுகிறது. ஓவியத்தின் படத்தையும் அந்தக் கைத்தொலைபேசிப் படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். என்ன பிழை செய்தேன் என்று தெரிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும்.

சித்திர ரீச்சர் (முல்லைத்தீவு) எழுதியது:

தம்பி, முகத்தின் சிறு கோடுகளைக்கூட விடாமல் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பார்வை இருந்தால் மற்றதைத் திருத்துவது கடினமல்ல. நீங்கள் அனுப்பிய படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். மலையின் கருமை அம்மாயியின் சேலைக் கருமைக்குச் சமமாக இருக்கிறது. பல கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் மலையும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் துணியும் ஒரே கருமையில் இருந்தால், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். மலை தோளில் மோதுவதாக உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

மலையில் மரம் இருக்கிறது, மரம் பச்சை, ஆகவே மலையும் பச்சை என்று மனம் சொல்வதை வரைந்திருக்கிறீர்கள். கண் காண்பது அதுவல்ல. நமக்கும் மலைக்கும் இடையே இருக்கும் காற்று, சூரிய ஒளியின் நீலப் பகுதியைச் சிவப்புப் பகுதியைவிட மிக அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறிய நீலம் மலையின் இருண்ட பகுதிகளின் மேல் ஒரு மெல்லிய திரைபோல் படிவதால், தூரம் கூடக் கூட இருள் முதலில் வெளிறி நீலமாகிறது. வெண்மையான பொருளுக்கு நேர்வது இதற்கு மாறானது. அதிலிருந்து நம்மை நோக்கி வரும் ஒளியில் நீலம் வழியிலேயே குறைந்துவிடுவதால், தூரத்து வெள்ளைச் சுவர் இலேசான மஞ்சள் சாயலைப் பெறுகிறது. தூரத்துக் கட்டடங்களுக்குத் தனி வெள்ளை பூசினால் அவை பல்வரிசைபோல் முன்னுக்கு வந்து நிற்பது இதனால்தான்.

மலையில்லாத ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிக் கற்பது என்று கேட்காதீர்கள். உங்கள் பெயரே அதற்கு விடையாக இருக்கிறது. விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இரணைமடுக் குளக்கட்டில் ஏறித் தெற்கே பாருங்கள். கட்டோரம் நிற்கும் மரத்தையும் அக்கரையில் நிற்கும் மரவரிசையையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே காட்டு மரங்கள்தான், ஆயினும் அக்கரையில் பச்சை என்ற நிறமே இருக்காது. ஒரு சிறு அட்டையில் அல்ட்ராமரைன் நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, டைட்டானியம் வெள்ளை ஆகிய மூன்றை மட்டும் கலந்து, அக்கரையின் நிறம் அட்டையில் வரும்வரை பூசிப் பூசிப் பாருங்கள். பச்சைக் குழாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

திரைச்சீலை (வவுனியா) எழுதியது:

நான் இருபது வருடங்களுக்கு மேல் புகைப்பட நிலையங்களுக்குப் பின்திரை வரைந்தவன். மாளிகை, நகரம், ஏரி, பனிமலை என்று கேட்பதையெல்லாம் வரைந்து கொடுத்தோம். முன்னால் வந்து நிற்கப்போகிறவர் யார் என்று தெரியாமலே வரைகிற திரை என்பதால், எவர் முகத்தோடும் போட்டியிடாதபடி அதை அமைக்க வேண்டும் என்பதே எங்கள் தொழிலின் முதற்பாடம். விளிம்புகளை ஈரத் துணியால் ஒற்றி மழுக்குவோம். யன்னல்களை எண்ணி வரைய மாட்டோம்.

தம்பியின் படத்தில் நான் கண்ட பெரிய பிழை அடிவானக் கோட்டில் இருக்கிறது. அம்மாயி கதிரையில் இருக்கிறார், நாமும் அவர் கண்ணுக்கு நேராக இருந்துதான் அவரைப் பார்க்கிறோம். அப்படியானால் படத்தின் அடிவானமும் அவருடைய கண் மட்டத்தில்தான் இருக்க வேண்டும். நகரத்துக் கூரைகளோ வயிற்றுக்கு நேரே உள்ள ஒரு கோட்டை நோக்கிச் சரிகின்றன. அதனால் அவர் நகரத்தின் மேல் எழுந்து நிற்கும் பேருருவம்போல் தெரிகிறார். பதுளை ஒரு பள்ளத்தாக்கு நகரம். தோட்டத்து மேட்டில் இருந்து பார்த்தால் நகரம் முழுவதும் கண் மட்டத்துக்குக் கீழே கிடக்கும், மலை கண் மட்டத்துக்கு மேலே எழும். ஆகவே கூரைகளையெல்லாம் தோளுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதிக்குள் சிறிதாக அடக்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாயிக்குத் தலை முழுவதும் நரை. வெளிறிய வானத்தை அதற்குப் பின்னால் வைத்தால் தலைமயிர் வானத்தில் கரைந்துபோகும். மலையின் நடுத்தரமான நீலச் சாம்பல் தலைக்குப் பின்னால் வரட்டும். நரையும் துலங்கும், மாநிற முகமும் துலங்கும். சிகரம் மட்டும் தலைக்கு நேர் மேலே வரக் கூடாது, தொப்பி போட்டதுபோல் ஆகிவிடும். அதை வலப்பக்கம் தள்ளுங்கள். மலையின் கோடு கழுத்தின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் வந்து கழுத்தை வெட்டவும் கூடாது.

பாலைமரம் (மாங்குளம்) எழுதியது:

நான் ஓவியன் அல்லன், ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. இந்த அம்மா தன் ஆயுளின் பெரும்பகுதியை வன்னி மண்ணில் கழித்திருக்கிறார். இங்கே காணி வெட்டினார், கிணறு தோண்டினார், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்தார். அவர் பின்னால் குளமும் பனையும் நிற்பதல்லவா பொருத்தம்? ஒரு கலவரத்தில் அவரைத் துரத்திவிட்ட ஊரை அவருடைய நினைவுப் படத்தில் ஏன் வைக்க வேண்டும்? யாரையும் புண்படுத்துவதற்காக இதைக் கேட்கவில்லை.

இரணைமடுக்கரை எழுதியது:

பாலைமரம் ஐயா, இந்தக் கேள்வியை என் மாமாவும் கேட்டார். அம்மாயியைத் துரத்தியவர்கள் மனிதர்கள். அந்த மலை அவரை ஒன்றும் செய்யவில்லை. கடைசி மாதங்களில் அவருக்கு எங்கள் பெயர்கள் சில மறந்துபோயின. ஆனால் லயத்து வாசலில் நின்றால் மலையின் எந்தப் பக்கம் முதலில் வெளிக்கும் என்பதைக் கையால் காட்டிச் சொல்லுவார். கட்டில் காலடிப் பக்கத்துச் சுவரில் மலை இருப்பதாக நினைத்துக்கொண்டே அவர் காட்டுவதைப் பார்த்தவன் நான். ஆகவே மலை வேண்டும். எனினும் இந்த மண் படத்தில் இல்லாமல் இருப்பதும் சரியல்ல என்பதை உங்கள் கேள்விக்குப் பிறகு உணர்கிறேன்.

ஊவா மகள் (வவுனியா) எழுதியது:

என் தாயாரும் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி அனுப்பிய கைத்தொலைபேசிப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது இப்பத்தைய டவுன்" என்று சொல்லி உடனே திருப்பித் தந்துவிட்டார். அதில் தெரியும் பல மாடிக் கட்டடங்கள் 1977இல் இருக்கவில்லை. உங்கள் அம்மாயி ஒருபோதும் காணாத நகரத்தை அவருக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். அம்மா நினைவில் வைத்திருப்பது துருப்பிடித்த தகரக் கூரைகளையும் ஓட்டுக் கூரைகளையும், முதியங்கனை விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தையும், 1924இல் பதுளையில் வந்து முடிந்த ரயில் பாதையின் நிலையத்தையும்தான்.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமுனுகுல மலை பதுளை நகருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. அதனால் காலையில் வெயில் மலைக்குப் பின்பக்கமாக ஏறும்; பின்னேரம்தான் நகரத்தை நோக்கிய முகத்தில் வெயில் விழும். உங்கள் உறவினர் எடுத்தது பின்னேரப் படம். ஒவ்வொரு மடிப்பும் பச்சையும் அதில் துலக்கமாகத் தெரிவது அதனால்தான்.

சித்திர ரீச்சர் எழுதியது:

ஊவா மகள் அக்கா, உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன அந்தத் திசையோடு இந்தப் படத்தின் சிக்கல் முழுவதும் அவிழ்ந்துவிட்டது.

தம்பி, பொறுமையாக வாசியுங்கள். நாம் தென்கிழக்கை நோக்கி நின்று பதுளையைப் பார்க்கிறோம் என்றால் கிழக்கு நமக்கு முன்னே இடப்பக்கமாக இருக்கும். காலைச் சூரியன் அங்கேதான் நிற்கிறது. விறாந்தைப் புகைப்படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள்? இடப்பக்கமிருந்து. பின்னேரப் படத்தை ஒதுக்கிவிட்டுக் காலை மலையை வரைந்தால், முகத்துக்கும் மலைக்கும் ஒரே சூரியன் கிடைத்துவிடும். காலையில் ஒளிக்கு எதிராக நிற்கும் மலையில் மடிப்புகளும் மரங்களும் தெரியாது. ஒரே தட்டையான நீலச் சாம்பல் வடிவமாக அது நிற்கும். திரைச்சீலை ஐயா நரைத்த தலைக்குப் பின்னால் கேட்ட நடுத்தர நிறமும் அதுதான். முகத்தில் நீங்கள் புதிதாகச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. நரையின் இடது ஓரத்திலும் இடது தோளின் சேலை மடிப்பிலும் வெள்ளையோடு யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளைச் சிறிது கலந்து ஒரு நூல் அளவு ஒளியை வையுங்கள்.

நேற்று ஐயா ஒருவர் வன்னியைப் பற்றிக் கேட்டதற்கும் ஓவியத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. முகத்துக்குப் பின்னால் நகரையும் மலையையும் வைத்த பழைய ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இடையில் ஒரு தடுப்பு வைத்தார்கள். யான் வான் ஐக் 1435ஆம் ஆண்டளவில் வரைந்த, பேர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் ரோலின் மாதாவை வணங்கும் ஓவியம் ஏறக்குறைய 66 சென்ரிமீற்றருக்கு 62 சென்ரிமீற்றர் அளவுதான். அந்தச் சிறு பலகைக்குள் இருவரும் ஒரு மண்டபத்தில் இருக்கிறார்கள். தூண்களுக்கு அப்பால் ஒரு தோட்டம், பிறகு மதில், பிறகு பாலமும் ஆறும் நகரமும், கடைசியில் நீல மலைகள். மோனா லிசாவும் தாழ்ந்த சுவரொன்றின் முன்னேதான் இருக்கிறார். அந்த ஓவியத்தில் இடப்பக்க அடிவானம் வலப்பக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பதையும் ஒருமுறை கவனியுங்கள், கழுத்தை வெட்டும் கோட்டைத் தவிர்க்க உங்களுக்கு அது உதவும். இடையில் இப்படி ஒரு படி இருந்தால்தான் பார்ப்பவரின் கண் முகத்திலிருந்து நகரத்துக்கு நடந்து போகும். இல்லாவிட்டால் பாய்ந்து விழும்.

உங்கள் வீட்டு விறாந்தைக்கு அரைச்சுவர் இருக்கிறதல்லவா? அதை வையுங்கள். அம்மாயி கிளிநொச்சி வீட்டின் அரைச்சுவருக்கு முன்னால் இருக்கட்டும், சுவருக்கு அப்பால் பதுளை தொடங்கட்டும்.

இரணைமடுக்கரை எழுதியது:

ரீச்சர் சொன்னதுபோல் மூன்று விடியற்காலைகள் குளக்கட்டுக்குப் போனேன். முதல் நாள் நான் கலந்த நீலம் அக்கரைக்கு முன்னே வைத்துப் பார்த்தபோது மிகக் கடுமையாக இருந்தது. பேர்ன்ட் சியன்னாவைக் கூட்டிக் கூட்டி, வெள்ளையையும் நினைத்ததைவிட மூன்று மடங்கு சேர்த்த பிறகுதான் அட்டையின் ஓரம் மரவரிசையோடு கலந்து மறைந்தது. அந்தக் கணத்தில் அட்டை எங்கே முடிகிறது, அக்கரை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீரில் நின்ற வெள்ளைக் கொக்கு ஒன்று அருகில் பால்வெள்ளையாகவும், அதே இனத்துக் கொக்குகள் தூரத்தில் பழுப்பேறிய காகிதம்போலவும் தெரிந்தன. தாதுகோபத்துக்கு அந்த நிறத்தைத்தான் வைத்தேன்.

அரைச்சுவரை வரைந்துவிட்டேன். எங்கள் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து சீமெந்து தெரியும் ஓர் இடம் உண்டு, அம்மாயி வெற்றிலைத் தட்டம் வைக்கும் இடம். அதையும் அப்படியே வைத்தேன். எங்கள் முற்றத்துக் கிரவல் நிலத்தின் சிவப்பு புகைப்படத்தில் அவருடைய நாடிக்குக் கீழே இலேசாக எதிரொளிக்கிறது என்பதை இப்போதுதான் கண்டேன். அதே சிவப்பைத் துருப்பிடித்த கூரைகளிலும் சிறிது கலந்திருக்கிறேன்.

இப்போது ஒரு தொல்லை. வானத்தையும் மலையையும் மழுக்கிச் சேர்க்க முடியவில்லை. பகல் வெக்கையில் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது. ஈரத்தில் சரியாக இருந்த நிறம் காய்ந்தபின் கருமையாகிறது. வானத்தில் தேமல்போல் திட்டுகள் விழுந்துவிட்டன.

திரைச்சீலை எழுதியது:

தம்பி, அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல் வெண்மையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அந்த வெண்மை போய்விடுவதால்தான் நிறம் கருக்கிறது. வானத்துக்குத் தேவையான வர்ணம் முழுவதையும் ஒரு மூடி போட்ட பேணியில் ஒரே தடவையில் கலந்து, சிறிது அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்த்து, ஒரு படி வெளிறலாக வைத்துக்கொள்ளுங்கள். பலகைத் தட்டின் மேல் நனைந்த துணியும் அதன் மேல் எண்ணெய்க் காகிதமும் விரித்து அதில் வர்ணத்தை வைத்தால் மணித்தியாலக் கணக்கில் காயாது. வேலையை விடியலிலோ இரவிலோ செய்யுங்கள்; மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அப்படியும் மலையின் விளிம்பு மழுங்காவிட்டால், அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் வர்ணத்தைப் பயன்படுத்தலாம். காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம் பிடிக்கும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் ஒருபோதும் போடாதீர்கள், உரிந்துவிடும். எண்ணெயில் டைட்டானியம் வெள்ளை காய நாட்கள் எடுக்கும் என்பதால் திவசத்துக்கு மூன்று கிழமைகளுக்கு முன்பாவது கையை எடுத்துவிடுங்கள்.

சித்திர ரீச்சர் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விளிம்புகள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மழுக்கிவிடாதீர்கள். மிகக் கூர்மையான விளிம்பு கண்ணிமையிலும் மூக்குத்தியிலும் இருக்கட்டும். அரைச்சுவரின் விளிம்பு அதைவிடச் சற்று மென்மையாகவும், கூரைகள் இன்னும் மென்மையாகவும், மலையும் வானமும் சேரும் கோடு மூச்சுப் பட்டாலே கலையும் என்று தோன்றும்படியும் இருக்க வேண்டும். வலப்பக்கக் கன்னம் நிழலில் திரும்பும் இடத்திலும் ஒரு விளிம்பைத் தொலைத்துவிடுங்கள். முகத்தைச் சுற்றி ஒரே கூர்மையான கோடு ஓடுவதுதான் கத்தரித்து ஒட்டிய உணர்வைத் தருகிறது.

இரணைமடுக்கரை எழுதியது:

இரவு விளக்கில் இரண்டு நாட்கள் வேலை செய்து வானத்தை முடித்தேன். மலையின் மேல்விளிம்புக்கு மட்டும் எண்ணெய் வர்ணம் போட்டேன். நேற்று மாமா வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மலையின் இடப்பக்கச் சரிவு இன்னும் கொஞ்சம் நேராக இறங்கும் என்று தன் கையைச் சரித்துக் காட்டினார். அவர் பதுளையை விட்டு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அம்மாயியும் அதே சரிவைத்தான் கையால் காட்டுவார். அதைத் திருத்திவிட்டேன்.

வார்னிஷ் எப்போது பூசலாம்? கண்ணாடி போட வேண்டுமா? பாலைமரம் ஐயா வர முடியுமானால் திவசத்துக்கு வாருங்கள், முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

திரைச்சீலை எழுதியது:

எண்ணெய் வர்ணம் போட்ட இடம் இருப்பதால் திவசத்துக்கு முன் வார்னிஷ் பூச வேண்டாம். மெல்லிய பூச்சென்றாலும் ஆறு மாதமாவது போகட்டும். கண்ணாடி தேவையில்லை. கன்வஸின் பின்பக்கத்துக்குக் காற்றோட்டம் வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பின்னால் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும்படி மாட்டுங்கள். எங்கள் பக்கத்துச் சுவர்களில் கறையான் ஏறும், ஆகவே மாதம் ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பாலைமரம் எழுதியது:

தம்பி, கட்டாயம் வருகிறேன். அந்த அரைச்சுவரையும் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.